ஆருடைய அந்தக் காலம்?

"அந்தக் காலம் போல வராது" என்ற பேச்சைப் பழுகாமத்தில் கேட்காத நாளில்லை. ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே காலத்தை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்களா? எங்கள் மாமாவுக்கு அது சூடுமிதிப்பு: நிலவு வெளிச்சம், சுற்றிவரும் எருமைகள், பொலிப்பாட்டு. அந்தக் களத்துக்குச் சோறு கட்டி அனுப்பிய அம்மா வேறு கதை சொல்லுவா. "நெல்லுக் குத்திக் கை காய்ச்சுப்போன காலம் ஆருக்கு வேணும் புள்ள? கூட நிண்டு குத்தின பெண்டுகள்தான் வேணும்."

இந்த ஏக்கத்தை ஒரு காலத்தில் நோய் என்றே எழுதிவைத்தார்கள். 1688 இல் யொகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், அந்நிய ஊரில் வாடிய சுவிஸ் நாட்டவர்களைப் பற்றி ஆய்வெழுதி அதற்கு 'நொஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'நொஸ்தோஸ்' என்றால் வீடு திரும்புதல், 'அல்கொஸ்' என்றால் வலி. அவர் கண்ட நல்ல மருந்து, ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவது!

அந்த மருந்தை நாங்களும் குடித்துப் பார்த்தவர்கள்தான். 2007 மார்ச்சில் படுவான்கரையே பெயர்ந்தபோது எழுவான்கரையில் கூடாரத்தில் இருந்தோம். பொழுதுபட்டால் பெண்கள் கூடியிருந்து கிணற்றடி வாழையையும் கட்டையில் நின்ற மாட்டையும் பற்றியே கதைப்பார்கள். மறுகா ஊருக்குத் திரும்பினோம். முற்றம் இருந்தது. பக்கத்து வளவுகளில் பாதிப்பேர் இல்லை. அம்மாவின் ஏக்கம் தீரவில்லை.

இப்போது உளவியலாளர்கள் இதை நோய் என்பதில்லை. தனிமை கூடும்போதுதான் பழைய நினைவு கிளம்புகிறது என்றும், அந்த நினைவுகளில் பெரும்பாலும் நமக்கு நெருங்கிய மனிதர்களே இருப்பார்கள் என்றும், அதனால் மனம் சற்றுத் தேறுகிறது என்றும் சொல்கிறார்கள். அம்மா படிக்காமலே சொன்னதுதான்.

குவைத்தில் வீட்டுவேலை செய்யும் என் தங்கச்சிக்கு ஹோஃபரின் மருந்து இப்போதைக்குக் கிடையாது. நுண்கடன் கட்டி முடிய இன்னும் பதினான்கு மாதம். வெள்ளிக்கிழமைகளில் எடுப்பாள். சுகம் விசாரித்து முடிந்ததும், திரௌபதை அம்மன் கோயிலில் ஆர் ஆர் வந்தார்கள் என்று கேட்பாள். அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லுவா, ஆர் என்ன சேலை உடுத்தியிருந்தது என்பது வரைக்கும். காசு முடிந்து அழைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து அடுத்த கிழமை தொடங்குவார்கள்.