ஒரு சிறுநீரகம், இரு பெயர்கள்

2022ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாள்களில் என் மூத்த காக்கா என்னைத் தனியே அழைத்து, சிறுநீர் சிவந்து போகிறது என்றார். வலி ஏதும் இல்லை. "உடற்சூடுதான், இளநீர் குடியுங்கள்" என்று சொல்லி அனுப்பியவன் நான். மூன்றே நாளில் நிறம் தெளிந்தது, இருவரும் மறந்துபோனோம். நான்கு மாதம் கழித்து இரத்தம் கட்டிகட்டியாக இறங்கியபோதுதான் மருத்துவரிடம் ஓடினோம். வலியின்றி வரும் இரத்தத்தை அலட்சியம் செய்யவே கூடாது என்பதை அங்கேதான் கற்றேன்.

ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. சிறுநீரகத்தை அகற்றினார்கள். பின்னர் கைக்கு வந்த திசுப் பரிசோதனை அறிக்கையிலோ இரண்டு புற்றுநோய்களின் பெயர்கள்! மத்ரஸாவில் பிள்ளைகளின் எழுத்துப் பிழை திருத்துகிறவன் நான், கலைப் பட்டதாரி, மருத்துவம் அறியேன். வேறு யாருடைய அறிக்கையோ காக்காவின் தாளில் கலந்துவிட்டது என்றெண்ணி, சற்றுக் கோபத்துடனேயே திரும்பிச் சென்றேன்.

மருத்துவர் பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். சிறுநீரைப் பிரித்தெடுக்கும் நுண்குழாய்களில் தோன்றுவது ரீனல் செல் கார்சினோமா. பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இவ்வகையே. பிரிந்த சிறுநீர் வந்து சேரும் புனல் போன்ற பகுதியின் உட்படலத்தில் தோன்றுவது யூரோதீலியல் கார்சினோமா. இவ்விரண்டும் ஒரே சிறுநீரகத்தில் ஒரே காலத்தில் அமைவது மிக அரிது. ஆயினும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பெரிய கட்டியின் மறைவில் சிறியது ஸ்கேனில் தெரியவில்லை.

"பெயர் இரண்டானால் என்ன, சிறுநீரகம்தான் போய்விட்டதே?" என்று கேட்டேன். காக்காவின் முதல் கட்டிக்கு அது போதும். இரண்டாவதற்குப் போதாதாம். அதே உட்படலம் சிறுநீர்க்குழாய் வழியே சிறுநீர்ப்பை வரை தொடர்வதால், அக்குழாயையும் அது பையில் சேரும் இடத்தையும் சேர்த்தே அகற்ற வேண்டும். ஆறாத உடம்பில் மீண்டும் கத்தி! மருந்தும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு உதவும் சிஸ்பிளாட்டின் முதலாவதற்குப் பலன் தருவதில்லை. அதையும், எஞ்சியிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தைக் கருதித் தவிர்த்தார்கள்.

புகைப்பழக்கம் இரண்டுக்குமே வழிவகுக்கக் கூடியது என்றார் மருத்துவர். கடையில் அமர்ந்து முப்பது ஆண்டுகள் பீடி குடித்த காக்கா தலைகுனிந்தார். என் தலையும் குனிந்தது. அது பீடிக்காக அன்று.

இரண்டாவது அறுவையும் முடிந்தது. நோய் சிறுநீர்ப்பையில் தலைகாட்டக் கூடும் என்பதால், உள்ளே கருவி செலுத்திப் பார்க்கும் சோதனைக்கு இன்றும் தவணைதோறும் அழைத்துச் செல்கிறேன். முடிந்து வெளியே வரும்போதெல்லாம் வாசலில் இருக்கும் இளநீர் வண்டியைக் காட்டி, "தம்பி, உன் வைத்தியம்!" என்று சிரிப்பார் காக்கா. ஆளுக்கொன்று வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேருந்து ஏறுவோம்.