வில்மா பாங்கி

'த சன் ஆஃப் த ஷேக்' (1926) படத்தில் நாயகன் வாலண்டினோவைவிட என்னை இழுத்தவர் வில்மா பாங்கிதான். ஹங்கேரிக்காரர். 1925இல் புடாபெஸ்டில் இவரைப் பார்த்த தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் ஹாலிவுட்டுக்கு அழைத்துச் சென்றார். ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஊமைப்படத்துக்கு அது எதற்கு? காதல் காட்சிகளில் சக நடிகர் ரொனால்ட் கோல்மன் ஆங்கிலத்தில் பேச, இவர் ஹங்கேரிய மொழியில் பதில் சொல்வாராம்! ரசிகர்கள் உருகிப்போனார்கள். பேசும்படம் வந்ததும் அந்த உச்சரிப்பே வினையானது. 1930களின் தொடக்கத்தோடு நடிப்புக்கு முழுக்கு.

'பாவம், காணாமல் போனார்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1927இல் ஊரே திரண்ட ஆடம்பரத் திருமணம். கணவர் ராட் லா ராக்கும் நடிகர்தான். 1969இல் அவர் இறக்கும்வரை பிரியவில்லை. முதுமையிலும் வில்மா கோல்ஃப் ஆடினார். இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது?