ஆயாவோடு ஒரு ரவுண்டு: கீழூர் முதல் பாகூர் ஏரி வரை

புதுச்சேரிக்கு வரும் நண்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள்தான். பீச் ரோடுக்கு எத்தனை மணிக்குப் போகலாம்? ஆரோவில்லுக்கு முன்பதிவு வேண்டுமா? நல்ல பேக்கரி எது? "எங்க ஊர் வில்லியனூருக்கு வாங்களேன்" என்றால், "அங்க என்ன இருக்கு?" என்பார்கள். நானும் தேர், மாதா கோயில் என்று இரண்டு பெயர் சொல்லிவிட்டு பேச்சை மாற்றிவிடுவேன். போன மாதம் வரை எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

மாற்றியது ஆயா. அம்மாவின் அம்மா. வயது எண்பது. ஒரு சனிக்கிழமை ராத்திரி, டிவி சீரியல் இடைவேளையில் சொன்னார்: "கீழூருக்கு ஒருவாட்டி என்னைக் கூட்டிக்கினு போடி. கண்ணு தெரியறப்பவே பாத்துடறேன்."

கீழூரில் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது. கோயில் வேண்டுதலும் இல்லை. "எதுக்கு ஆயா?" என்றேன். "போவும்போது சொல்றேன்" என்றார். மறுநாள் காலையில் சித்தப்பா ஆட்டோவை எடுத்துவிட்டார்.

புறப்படும்போது திருக்காமீசுவரர் கோயில் வாசலில் ஒரு கும்பிடு. இந்தக் கோயில் தேரை பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்து இழுப்பார். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். 1877-ல் கட்டிய லூர்து மாதா கோயிலும் இதே ஊரில்தான். அதன் எதிரே இருக்கும் குளம், நம் ஊர் கோயில் குளம் மாதிரியே படிக்கட்டுகளோடு இருக்கும். பிரான்சின் லூர்து நகரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து இதில் கலப்பார்கள். திருவிழாவுக்கு வந்தால் பார்க்கிங் கிடைக்காது, சொல்லிவிட்டேன்.

கீழூர் சின்ன கிராமம். வழியெல்லாம் வயல். நினைவிடத்துக்குப் பெரிய ஆர்ப்பாட்டமில்லை. வழக்கமான நாளில் போனால் நீங்கள் மட்டும்தான் நிற்பீர்கள். ஆனால் புதுச்சேரி யாரோடு இருக்கவேண்டும் என்று முடிவான இடம் இது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை வீடு கண்டமங்கலத்தில். இன்றைக்கு வில்லியனூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர். அன்றைக்கு அது வேறு நாடு. "சாவடியில நிறுத்தி மூட்டைய அவுத்துப் பாப்பாங்க. பொங்கலுக்கு அத்தைக்குக் கொண்டுபோற துணியக்கூட உதறிப் பாப்பாங்க. எங்கப்பா தலையக் குனிஞ்சிக்கினு நிப்பாரு" என்றார்.

"அந்த எட்டுப் பேரு யாருடி?"

எனக்குப் பெயர்கள் தெரியவில்லை.

"நூத்தி எழுவது பேரு நடுவுல நின்னு வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு தைரியம் வேணும்ல?" என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் காரணம் வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956-ல். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். கீழூரில் வருடாவருடம் கொடியேற்றுவது அந்த நாளில்தான். அந்த ஒப்பந்தப்படி, இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஆயாவின் பெரிய அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் இப்படிப் போனவர்களை 'சொல்தா' என்போம். போனவர் பாரிஸ் பக்கம் குடியேறிவிட்டார். இடையில் நான்கு முறைதான் வந்திருக்கிறார்.

"வீட்டுல யாருக்கும் சொல்லாம கையெழுத்துப் போட்டுட்டு வந்தான். எங்கம்மா மூணு நாளு சோறு திங்கல. எல்லாத்துக்கும் இங்கதான ஆரம்பம்? அதான் பாக்கணும்னு தோணிச்சு."

நான் போட்டோ எடுக்க எடுத்த போனைப் பையில் வைத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் விழுப்புரம் சாலைக்கு வந்து, திருபுவனைக்கு விட்டோம். இந்தச் சாலை வேடிக்கையானது. புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று மாறிக்கொண்டே வரும். மதுக்கடைப் பலகைகளை வைத்தே எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பார் சித்தப்பா. 1783-ல் இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சாயில் போட்ட ஒப்பந்தத்தில் புதுச்சேரியோடு சேர்த்து வில்லியனூர், பாகூர் என்று இரண்டு பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் உட்கார்ந்து நம் ஊர் வயலைப் பங்கு போட்டிருக்கிறார்கள்!

திருபுவனை வரதராசப் பெருமாள் கோயில் சோழர் காலத்துக் கட்டுமானம். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. இங்குள்ள ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு, 1048-ல் இந்த ஊரில் நடந்த ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. மாணவர்கள் 260, ஆசிரியர்கள் 12. கிட்டத்தட்ட 22 பேருக்கு ஓர் ஆசிரியர்! நான் படித்த டிப்ளமா வகுப்பில் இதைவிடக் கூட்டம். இன்றைக்கும் இதே சாலையில்தான் வரிசையாகக் கல்லூரிப் பேருந்துகள் ஓடுகின்றன. பக்கத்திலேயே மதகடிப்பட்டில் குண்டாங்குழி மகாதேவர் கோயில், வழியில் திருவாண்டார்கோயில் இரண்டையும் பார்க்கலாம். எங்களுக்கு வெயில் ஏறிவிட்டது, அதனால் வெளியிலிருந்தே கும்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு அருங்காட்சியகம். பாரதி பூங்காவுக்கு எதிரே இருக்கிறது. திங்கட்கிழமை போய் ஏமாறாதீர்கள், விடுமுறை. சோழர் கால வெண்கலச் சிலைகள், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கட்டில், நாற்காலி எல்லாம் இருந்தாலும், ஆயா நின்றது புஸ்-புஸ் வண்டி முன்னால்தான். துரை உட்கார்ந்திருப்பார், பின்னாலிருந்து ஆள் தள்ளுவார். "தள்ளுனவன் போட்டோ எங்கடி?" என்றார். இந்தக் கேள்வியை இதுவரை எந்தக் கைடும் என்னிடம் கேட்டதில்லை.

அரிக்கமேட்டு மணிகளும் பானை ஓடுகளும் இங்கேதான் இருக்கின்றன. அரிக்கமேடு போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய், "என்னய்யா ஒண்ணுமே இல்ல" என்பீர்கள்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மரங்களுக்கு நடுவே ஒரு மேடு. நின்றுகொண்டிருக்கும் செங்கல் சுவர்களைக் காட்டி 'ரோமானியர் கட்டியது' என்று ரீல்ஸ் போடுகிறார்கள். தவறு. அவை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டியவை. உண்மையான அரிக்கமேடு காலுக்கடியில், மூடிய குழிகளுக்குள் இருக்கிறது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769-ல் மேகம் மறைத்து ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில்தான் இந்தப் பக்கத்துப் பழம்பொருள்களைப் பற்றி முதலில் எழுதியவர். 1937-ல் உள்ளூர்ச் சிறுவர்கள் பொறுக்கி வந்த மணிக்கற்கள் ழுவோ துப்ரேய் என்ற பேராசிரியரின் கண்ணில் பட்டன. 1945-ல் மார்டிமர் வீலர் வந்து தோண்டினார். இத்தாலியில் செய்த பானைகளும், மது வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. ரோமானியர் அமைத்த வணிக நிலையம் என்று அவர் நினைத்தார். 1989 முதல் 1992 வரை தோண்டிய விமலா பெக்லி, அதற்கு முன்பே இங்கே நம் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று காட்டினார். ரோமானியர்கள் வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான்.

அங்கே கடை கிடையாது. தண்ணீர் கொண்டு போங்கள். தரையில் மணி கிடைத்தாலும் எடுத்துப் பையில் போடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம்.

மாலையில் பாகூர். 1752-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய போர்க்களம் இது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. எங்கு பார்த்தாலும் நெல்தான். மூலநாதர் கோயில் சுவர் முழுக்க எழுத்துகள். சோழர் மட்டுமல்ல, வடக்கேயிருந்து படையெடுத்து வந்த ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. ஆனால் பாகூரின் பெரிய சொத்து இங்கே இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் எழுதப்பட்ட ஐந்து செப்பேடுகள் அவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று ஊர்களின் வருமானத்தைக் கொடுத்த பத்திரம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கிடைத்து, பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டது.

இதை ஏரிக்கரையில் உட்கார்ந்து சொன்னேன். சிங்காரி, பங்காரி என்ற இரண்டு பெண்கள் வெட்டிய வாய்க்காலில்தான் இந்த ஏரிக்குத் தண்ணீர் வருகிறது என்ற ஊர்க்கதையை ஆயா எனக்குச் சொல்லி முடித்த நேரம் அது. பங்காரு வாய்க்கால் இன்றும் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவருகிறது.

"எந்த ஊருன்ன? பாரிசா?" ஆயா நிமிர்ந்தார். "அண்ணனுக்குப் போன் போடு."

வாட்ஸ்அப் வீடியோவில் பெரிய தாத்தா வந்தார். எண்பத்தைந்து வயது, தலையில் கம்பளித் தொப்பி. ஆயா போனைத் திருப்பி ஏரியைக் காட்டினார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "தண்ணி நெறையா இருக்கே" என்றார்.

"அண்ணா, நம்ம பாகூரு செப்புத் தகடு உங்க ஊரு லைப்ரரில இருக்காம். எத்தினி வருசமா அங்க இருக்க, பாத்தியா?"

"பாக்கலியேம்மா."

"போயி ஒருவாட்டி பாத்துட்டு வா. நான் கீழூர போய்ப் பாத்துட்டேன்."

"குளிரு கொறயட்டும்மா, போறேன்" என்றார் அவர். "இன்னும் கொஞ்சம் ஏரியக் காட்டு."