பொட்டிபுரத்து ரசிகர்கள்

பொட்டிபுரத்தில் புளூஸ் கேட்கிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள் என்று நான் சொன்னால் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள். அமெரிக்கச் சங்கீதம் என்றால் அது பெரிய பட்டணங்களில், ஆங்கிலம் பேசுகிற வீடுகளில், குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டிய சரக்கு என்ற எண்ணம் நமக்கு எப்படியோ படிந்துவிட்டது. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற பக்கத்தில், மேற்கு மலையின் காலடியில் கிடக்கும் ஒரு கிராமத்தில் அதற்கு என்ன வேலை?

ஊரின் பெயர் உங்களுக்குப் புதிதாக இராது. 2015-ஆம் வருஷம், இங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட மத்திய அரசு அனுமதி கொடுத்தபோது பத்திரிகைகளில் அடிபட்ட பெயர்தான். எதிர்ப்பும் கிளம்பியது. வந்தவர்களெல்லாம் ஊர்க்காரர்களின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்கள். மலையைப் பற்றிக் கேட்டார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் ‘நீங்கள் என்ன பாட்டுக் கேட்பீர்கள்?’ என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் மைக்கை மடக்கிப் பையில் வைக்க ராத்திரி ஆகியிருக்கும்.

என் மாமனார் வீடு இந்தப் பக்கம். ஆகவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்வேன். ஒருவர் மைக்செட் வைத்திருந்தவர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் குழாய் ரேடியோ கட்டிய மனிதர். ரிகார்டு பிளேயர் அவருடையது. சபை கூடுவதும் அவர் வீட்டுத் திண்ணையில்தான். இரண்டாமவர் ஏலத்தோட்டத்து முதலாளி ஒருவருக்கு ஜீப் ஓட்டி ஓய்ந்தவர். மூன்றாமவர் பள்ளிக்கூட வாத்தியார். நாலாவது ஆள் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதும் வாலிபன்.

சபைக்கு விதி உண்டு. ஒருவர் ஒரு தடவைக்கு ஓர் ஆல்பம்தான் கொண்டு வரலாம். அதை முதலிலிருந்து கடைசி வரை போட வேண்டும். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. முடிந்த பிறகு, அதை முதன்முதலாக எங்கே, எப்போது கேட்டார் என்று கொண்டு வந்தவர் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்ற வார்த்தைக்கு மட்டும் தடை. இந்த விதியைப் போட்டவர் வாத்தியார். இலக்கியக் கூட்டங்களுக்கும் இதே விதி வந்தால் நாட்டுக்கு நன்மை உண்டாகும் என்று நினைத்துக்கொள்வேன்.

மைக்செட்காரருக்கு வெள்ளைக்காரப் பாட்டென்றால் ஆகாது. அவருடைய ஆல்பம் எப்போதும் ஒன்றே: இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986-இல் வெளிவந்தது. சினிமாவுக்காகச் செய்ததல்ல, தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தது. அதில் ஒரு பாட்டுக்கூட இல்லை. வி. எஸ். நரசிம்மனின் வயலினும் கூட்டு வாத்தியங்களுமாகப் போகும். பண்ணைப்புரம் இங்கிருந்து தேவாரம் தாண்டினால் வந்துவிடும். ஆகவே மைக்செட்காரர் இதைப் பற்றிப் பேசும்போது சொந்தத் தோட்டத்து மாங்காயைப் பற்றிப் பேசுகிற தோரணை இருக்கும்.

“ஒரு காதுகுத்துல இதைப் போட்டேன். அரை மணி ஓடுச்சு. தாய்மாமன் வந்து, ‘அண்ணே, பாட்டு எப்பண்ணே வரும்?’னு கேட்டாப்ல. இதாம்ப்பா பாட்டுன்னேன். அந்த வீட்டுல அப்புறம் என்னைக் கூப்புடவே இல்ல” என்பார்.

ஜீப்காரரின் ஆல்பம் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’. பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கிலேயக் கோஷ்டி 1973-இல் வெளியிட்டது. இதயம் துடிக்கிற சத்தத்தில் ஆரம்பித்து, இதயம் துடிக்கிற சத்தத்திலேயே முடிகிற தட்டு. 1981-இல் மலையில் முதலாளி பங்களாவின் தாழ்வாரத்தில், மழையில், ஐயா சாப்பிட்டு எழுந்து வரட்டும் என்று இவர் காத்துக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து இது கேட்டதாம். காய் உலர்த்துகிற ஸ்டோரில் ஏதோ இயந்திரம் கோளாறாகி அடித்துக்கொள்கிறது என்று எண்ணி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அங்கே ஓடிப் பார்த்திருக்கிறார். ஸ்டோர் பூட்டிக் கிடந்திருக்கிறது. பல வருஷம் கழித்துத் தோட்டம் கை மாறியபோது, யாருக்கும் வேண்டாமென்று ஒதுக்கிய தட்டுப் பெட்டியை இவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்தத் தட்டில் எந்தப் பக்கத்தில் கீறல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

மண்டி வாலிபனுக்கு லெட் ஸெப்பலின் கோஷ்டியின் நாலாவது ஆல்பம். 1971-இல் வந்தது. அதன் கடைசிப் பாட்டில் மத்தளம் இடிக்கிற இடியில் திண்ணைத் தூண் அதிரும். ‘இந்த மாதிரி யாரு அடிச்சிருக்கா?’ என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டபோதுதான் வாத்தியார் வாயைத் திறந்தார். அந்தப் பாட்டு இங்கிலாந்துக்காரர்களுடையது அல்ல. மிஸிஸிப்பி நதி 1927-இல் கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை முழுக்கியது. அதைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னி என்ற கறுப்பின மாதரசியும் கான்ஸாஸ் ஜோ மெக்காயும் 1929-இலேயே பாடித் தட்டுப் போட்டிருக்கிறார்கள். வாத்தியார் தம் செல்போனில் அதைப் போட்டுக் காட்டினார். இரண்டு கிட்டாரும் ஒரு குரலும்தான். தூண் அதிரவில்லை. வாலிபன் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

இப்படித்தான் புளூஸ் பொட்டிபுரத்துக்குள் நுழைந்தது. பேரனைப் பிடித்துக்கொண்டு பாட்டனார் வருவது போல. ராக் சங்கீதம் என்று உலகம் முழுவதும் கொட்டி முழக்கியதற்கெல்லாம் வேர், பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த கறுப்பின மக்களின் பாட்டு. அதன் அமைப்பை வாத்தியார் விளக்கினார். ஓர் அடி பாட வேண்டியது. அதையே திரும்பவும் பாட வேண்டியது. மூன்றாவது அடியில் முடிச்சை அவிழ்க்க வேண்டியது. மொத்தம் 12 தாளக் கட்டு. ஒவ்வோர் அடிக்கும் பின்னால் பாட்டுக்காரன் நிறுத்திவிடுவான். மிச்ச இடத்தில் கிட்டார் பதில் சொல்லும்.

“அட, எசப்பாட்டு!” என்றார் ஜீப்காரர்.

எசப்பாட்டேதான். எதிரே ஆள் இல்லாதவன் தன் கிட்டாரையே எதிராளியாக வைத்துக்கொள்கிறான்.

மைக்செட்காரர் மட்டும் மசியவில்லை. அவர் சமாதானத்துக்கு வந்தது இரண்டு காரணங்களால். முதலாவது, கிட்டப்பா. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷந்தான் ஓடும். கிட்டப்பா தம் கந்தர்வக் குரலையெல்லாம் அந்த மூன்று நிமிஷத்தில்தான் அடைத்து வைத்துவிட்டு, 1933-இல் 27 வயதில் போய்விட்டார். ராபர்ட் ஜான்ஸன் என்ற மிஸிஸிப்பிக்காரரும் அதே மூன்று நிமிஷத்தில், 1936-இலும் 1937-இலுமாக 29 பாட்டுகளைப் பாடிவைத்துவிட்டு 1938-இல் மறைந்தார். அவருக்கும் வயது 27. “அவனுக்குமா?” என்று கேட்டு மைக்செட்காரர் உச்சுக் கொட்டினார். கிட்டப்பாவின் பங்காளி என்றானபிறகு ஒருவனை வாசலில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது காரணம் ‘மும்தாஜ் மஹால்’ என்ற ஆல்பம். 1995-இல் வந்தது. தாஜ் மஹால் என்பது அதில் பாடுகிற அமெரிக்க புளூஸ் வித்வானின் பெயர். உடன் வாசிக்கிறவர்கள் மோகன வீணை விசுவ மோகன் பட்டும், சித்திர வீணை ரவிகிரணும். ராபர்ட் ஜான்ஸன் பாட்டு ஒன்றும் அதில் இருக்கிறது. வாத்தியார் அதைப் போட்டு இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. மைக்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யோவ், இது கோட்டுவாத்தியம்யா! ரேடியோவுல காலைக் கச்சேரியில வருமே!”

கோட்டுவாத்தியத்தில் மெட்டு கிடையாது. தந்தியின் மேல் ஒரு கட்டையை வழுக்கிக்கொண்டே போய் ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். மிஸிஸிப்பிக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்; கட்டைக்குப் பதில் கத்தியையோ, உடைந்த பாட்டிலின் கழுத்தையோ வைத்துத் தேய்த்தார்கள். மனிதக் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறிப் போவதில்லை, அழுகிற குரல் வழுக்கிக்கொண்டுதான் போகும் என்பது இரண்டு தேசத்தாருக்கும் தனித்தனியே தெரிந்திருக்கிறது.

ஒரு தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதால் என்னென்ன நடக்கலாம் என்பதற்கு வாத்தியார் ஒரு கதை சொல்வார். 1961 அக்டோபர் 17-ஆம் தேதி, இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் மிக் ஜாகர் என்ற பையன் நிற்கிறான். கையில் இரண்டு அமெரிக்கத் தட்டுகள். ஒன்று சக் பெர்ரி; மற்றது மடி வாட்டர்ஸ். சின்ன வயசில் கூடப் படித்த கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பார்த்துவிட்டு அவனிடம் பேச்சுக் கொடுக்கிறான். மறு வருஷமே கோஷ்டி சேர்ந்துவிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற அதன் பெயர்கூட மடி வாட்டர்ஸ் 1950-இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பையன்கள் இருவரும் பிறந்தது 1943-இல். இளையராஜா பிறந்ததும் 1943-இல்தான். இதில் அர்த்தம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மைக்செட்காரர் இதைக் கேட்டு அடைந்த சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மடி வாட்டர்ஸ் யார் என்று ஜீப்காரர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயம் பிறந்தது.

மிஸிஸிப்பியில் ஸ்டோவால் என்ற பண்ணை. அங்கே பருத்தி வேலை, டிராக்டர் ஓட்டுகிற வேலை எல்லாம் பார்த்த ஆள் அவர். 1941 ஆகஸ்டில் ஆலன் லோமாக்ஸ் என்பவர், ஃபிஸ்க் சர்வகலாசாலையின் ஜான் வொர்க்கோடு, அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் குடிசைக்கே வந்தார். பாடச் சொல்லிப் பதிவு செய்தார். பிற்பாடு தட்டின் இரண்டு பிரதிகளும் 20 டாலருக்கு ஒரு செக்கும் அனுப்பி வைத்தார். தம் குரலைத் தாமே தட்டில் கேட்டதும் மடி வாட்டர்ஸுக்குத் தாமும் பாட்டுக்காரர்தான் என்று உறுதிப்பட்டுவிட்டது. 1943-இல் பண்ணையை உதறிவிட்டு சிகாகோவுக்கு ரயில் ஏறினார்.

இதைக் கேட்டு ஜீப்காரர் வெகு நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்:

“எங்காத்தாவும் பாடும்.”

அவருடைய தாயார் ஏலக்காய் எடுத்தவர். ஜீப் வசதி வராத காலத்தில், திங்கட்கிழமை கருக்கலில் சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தே மலை ஏறி, வாரம் முழுவதும் தோட்டத்து லயத்தில் கிடந்து, சனிக்கிழமை இறங்கி வந்தவர். ஏலச்செடியில் காய் பிடிப்பது உச்சியில் அல்ல. தரையை ஒட்டிப் படர்கிற சரத்தில். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். மேலே மழை, கீழே அட்டைக்கடி. ஒரு நிரையில் அந்த அம்மாள் ஓர் அடி எடுத்துவிட, அடுத்த நிரையில் அவருடைய தங்கை பதில் சொல்ல, கங்காணி கூடத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாராம்.

“செத்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. பாட்டுல கொஞ்சம் வார்த்தை ஞாபகம் இருக்கு. குரலு ஞாபகம் வரமாட்டேங்குது வாத்தியாரே. அந்த மடி வாட்டர்ஸ் வீட்டுக்கு மிசினு வந்துச்சு. எங்க லயத்துக்கு யாரும் வரலையே.”

வந்தவர்கள் இல்லாமல் இல்லை என்று நான் எண்ணிக்கொண்டேன். நா. வானமாமலை தமிழர் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1964-இல் புத்தகமாகக் கொண்டு வந்தார். அவருக்குப் பின்னும் பல அறிஞர்கள் ஊர் ஊராக அலைந்திருக்கிறார்கள். அவர்கள் காப்பாற்றிய வார்த்தைகளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஜீப்காரர் கேட்டது வார்த்தையை அல்ல. அச்சில் வழுக்கல் வராது. மலைமேல் எல்லாரும் கேட்ட ஒரு குரல் எந்தத் தட்டிலும் இல்லை. அவரிடம் இருப்பதெல்லாம் முதலாளி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒட்டுக்கேட்ட தட்டுதான். அதை அவர் நாற்பது வருஷமாகப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அன்றைக்கு அடுத்த ஆல்பம் போடவில்லை.

பதில் பாடிய தங்கை உயிரோடு இருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. மறு மாதம் ஜீப்காரர் சித்தியை ஆட்டோவில் வைத்து அழைத்து வந்துவிட்டார். வயது எண்பதுக்கு மேல். காது நன்றாகக் கேட்கிறது. திண்ணையில் பாய் விரித்து உட்கார வைத்தோம். மைக்செட்காரர் தம்முடைய பழைய மைக்கையெல்லாம் துடைத்து எடுத்து வைத்திருந்தார். மண்டி வாலிபன் செல்போனையும் பக்கத்தில் வைத்தான். மடி வாட்டர்ஸை ஒரு பக்கம் போட்டுக் காட்டினோம். கிழவி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“யாரோ பாவம், வேலைக்காட்டு ஆளு” என்றார்.

“நீ பாடு சித்தி.”

“எதுக்கு?”

“ஆத்தாகூடப் பாடுவியே, அது.”

கிழவி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு, “கையில வேலை இல்லாமப் பாட்டு எங்கிட்டிருந்துய்யா வரும்?” என்றார்.

மண்டி வாலிபன்தான் வழி கண்டுபிடித்தான். மண்டியில் தரம் பிரிக்காத காய் ஒரு மூட்டை கிடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன், முறத்தில் போட்டுக் கொடுத்தால் சித்தி காய் பிரித்துக்கொண்டே பாடட்டும் என்றான்.

“முறத்துச் சத்தமும் சேந்து விழுமேப்பா” என்றார் மைக்செட்காரர்.

“விழட்டுமே” என்றார் வாத்தியார்.

சித்தி அதற்குள், மூட்டைக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டார்.