தாதியின் மொழி

நெய்வேலி பல ஊர்க்காரர்கள் கூடி உருவான ஊர். 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் சுரங்கப் பணிக்கு வந்தவர்கள் தத்தம் மொழிகளையும் உடன் கொணர்ந்தனர். எங்கள் குவார்ட்டர்ஸில் தக்கினி உருதும் தமிழும் வழங்குகின்றன. இரண்டு வயது கடந்தும் மகனுக்கு ஏழெட்டுச் சொற்களே வந்தன. உருதை விட்டுவிடுங்கள், இரு மொழிகள் பிள்ளையைக் குழப்புகின்றன என்றனர் உறவினர். விட்டுவிட்டால், தமிழ் சரளமாக வராத அவனுடைய தாதி அவனை எம்மொழியில் கொஞ்சுவார்?

முதலில் செவித்திறன் சோதித்தோம், குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்று பேச்சுப் பயிற்சியாளர் தெளிவாகக் கூறினார். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்கள் என்னும் அளவையும் இரு மொழிகளையும் சேர்த்தே எண்ண வேண்டுமாம். 'பானி' ஒன்று, 'தண்ணி' ஒன்று. அவ்வாறு எண்ணியபோதும் அவன் பின்தங்கியே இருந்தான். ஆகவே பயிற்சி தேவைப்பட்டது. மொழியைத் துறப்பது தேவைப்படவில்லை. (அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இச்சேவை கட்டணமின்றிக் கிடைக்கிறது.)

துஆ போதுமே, பயிற்சி எதற்கு என்போரும் உண்டு. நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா நபி (அலை) இறைஞ்சியதைத் தாஹா அத்தியாயம் கூறுகிறது. அதே இடத்தில் தம் சகோதரர் ஹாரூனையும் அவர் துணையாகக் கேட்கிறார். அந்த இரண்டாம் வேண்டுதலை நாம் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம்.

இப்போது மூன்று வயது. சென்ற வாரம் அவன் முதன்முறையாக இரு சொற்களைக் கோத்தான்: "பானி தா." தாதி எழுந்து ஓடினார்.