நிமிர்த்திய கம்பி

உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே, வயலோரமாக எழும்பிக்கொண்டிருந்த வீடொன்றில் தூண் கம்பிகள் நின்றன. நெல் ஏற்றிவரும் உழவு இயந்திரத்துக்கு வழிவிட நாலைந்தை மடக்கிவிட்டிருந்தார்கள். பிறகு நிமிர்த்தும்போது ஒன்று முறிந்தது. நெடுங்காலம் கம்பி வளைத்த பெரியவர் துண்டை எடுத்து என் கையில் தந்தார்.

"வளைக்கக்குள்ள ஒண்டும் செய்யா மனே. நிமித்தக்குள்ளதான் போகும்."

உருக்கு வளையும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கணினியில் கணிப்பதுதான் என் தொழில். அவர் சொன்னது என் கணிப்பில் எங்கேயும் இல்லை.

அதுவரை கம்பி முழுவதையும் ஒரே பொருளாகவே எடுத்து வந்தேன். இன்றைய வரிக் கம்பி பெரும்பாலும் அப்படியல்ல. உருட்டாலையிலிருந்து செஞ்சூட்டோடு வரும்போதே தண்ணீர் பாய்ச்சுவார்கள். வெளித்தோல் சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட்டாக இறுகும். நடுவில் மிஞ்சிய சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். உள்ளே மெதுவாக ஆறிய ஃபெரைட்டும் பேர்லைட்டும் மெதுமையாக இருக்கும். குறுக்கே வெட்டி, மினுக்கி, மதுசாரத்தில் கலந்த நைத்திரிக் அமிலம் தடவினால் தோல் கருவளையமாகத் தெரியும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

வளைவின் பாரம் மிக அதிகமாக விழுவது அந்த வளையத்தில்தான். 16 மில்லிமீற்றர் கம்பியைப் பிரித்தானிய நியமம் கேட்கிற 64 மில்லிமீற்றர் உருளையில் சுற்றினால் வெளிப்புறம் ஏறக்குறைய 20 சதவீதம் நீளும், உட்புறம் அவ்வளவு நெரியும். பலகையில் அறைந்த 32 மில்லிமீற்றர் முளையில் மடக்கினால் அது 33 சதவீதமாகும். நெரிகிற பக்கத்தில், வரிகள் தோலோடு சேரும் அடிமூலையில், நுண்ணிய வெடிப்புகள் பிறக்கின்றன. மடங்கிக் கிடக்கும்வரை அவை வாய்மூடியே இருக்கும். நிமிர்த்தும்போது அதே பக்கம் இழுபடும், வாய் திறக்கும்.

இப்போது கம்பியைத் தோல், இடைப்படை, நடு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி இயல்பு கொடுக்கிறேன். ஒரு திசையில் நெரிந்த உருக்கு மறுதிசையில் முந்தியே இளகும் என்பதையும் சேர்க்கிறேன். இழுவைச் சோதனை ஒன்றை மட்டும் நம்பிச் செய்யும் கணிப்பை நான் ஏற்பதில்லை. இழுவையில் திசை மாறுவதே இல்லையே.

காலமும் வேண்டும். கரிமமும் நைதரசனும் உருக்குக்குள் மெல்ல நகர்ந்து, வளைவில் பிசகிய இடங்களில் தங்கி, நொய்மையைக் கூட்டுகின்றன. அதற்காகத்தான் நியமத்தின் மீள்வளைப்புச் சோதனை, வளைத்த கம்பியை 100 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுத் திருப்பச் சொல்கிறது. என் கணிப்பில் நாட்களுக்கென்று ஒரு நிரலே இல்லாதிருந்தது.

மறுபடி உன்னிச்சைக்குப் போய்ப் பெரியவரிடம் கேட்டேன், கம்பி எவ்வளவு காலம் மடங்கிக் கிடந்தது என்று.

"வெட்டுத் தொடங்கக்குள்ள மடக்கின. சூடடிச்சு முடிஞ்சாப் பிறகுதான் நிமித்தின."

இரண்டு திகதியையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.