சென்சாரை மாற்றும் முன்

அண்ணனின் பழைய காரில் ஓடும்போதே ஸ்பீடோமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும், கொஞ்ச தூரம் போனதும் எழும். ஸ்கேனரில் பி0500 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வேகத் தகவல் ஒழுங்காக வரவில்லை என்பதைத்தான் அந்தக் குறியீடு சொல்கிறது. ஏன் என்பதை நாம்தான் தேட வேண்டும். அதுவும் வந்து வந்து போகிற கோளாறு என்றால் என் முதல் சந்தேகம் ஒயரிங் மேல்தான்.

கியர்பாக்ஸில் இருப்பது ஹால் வகை சென்சார். மூன்று ஒயர்: சப்ளை, எர்த், சிக்னல். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் சாவியைப் போட்டுக் கையால் மெல்லச் சுற்றினோம். சிக்னல் ஒயரில் 0, 5 வோல்ட் என்று மாறி மாறி வர வேண்டும். 5-லேயே நின்றது. சப்ளையில் 12 வோல்ட் சரியாக இருந்தது. எர்த் இல்லை! பேட்டரி தட்டுக்குக் கீழே எர்த் ஒயரை அசைத்ததும் மல்டிமீட்டர் துள்ள ஆரம்பித்தது. உறைக்குள்ளே செம்பு பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது.

அரித்த இடத்தை வெட்டி, புது ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து மூடினோம். முள் இப்போது விழுவதில்லை.

பி0500 வந்தால், புது சென்சாருக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று ஒயரையும் அளக்கச் சொல்லுங்கள்.